மரியோ லேண்ட்: ஒண்ணா? ரெண்டா?

1989-ல் ஜப்பானில் கேம் பாய் வெளியான அதே நாளில் வந்தது சூப்பர் மரியோ லேண்ட். மொத்தமே 4 உலகம், 12 கட்டம். குட்டித் திரையில் மரியோ எறும்பு சைஸில் ஓடுவார். ஆமையை மிதித்தால் ஓடு குண்டு மாதிரி வெடிக்கும்! சேவ் பண்ணும் வசதி கிடையாது. ஸ்விட்சை அணைத்தால் மறுபடி முதல் கட்டம்தான்.

1992-ல் வந்த இரண்டாம் பாகம் ஆளே மாறியிருந்தது. 64 கிலோபைட் ஆட்டம் 512 ஆனது. மரியோ பெரிசானார், கேரட் கிடைத்தால் முயல் காதை ஆட்டி மிதந்து இறங்கலாம். பேட்டரி தயவில் மூன்று பேர் தனித்தனியாக சேவ் பண்ணலாம். வில்லன் வாரியோ முதன்முதலில் தலைகாட்டியதும் இதில்தான்.

ஒரே குறை, ஆறு பகுதிகளையும் இஷ்டப்பட்ட வரிசையில் ஆடலாம் என்பதால் எல்லாமே ஏறக்குறைய ஒரே சுலபம். கடைசிக் கோட்டை மட்டும் திடீரென்று கழுத்தை நெரிக்கும். உயிரெல்லாம் தீர்ந்தால், சேர்த்த தங்கக் காசுகளும் போச்சு!

எது சிறந்தது? சந்தேகமில்லாமல் இரண்டாவதுதான். ஆனால் கடைசி உயிரோடு பள்ளம் தாண்டும்போது கை வியர்ப்பது என்னவோ முதல் பாகத்தில்தான்.