அம்மா சந்தையில் ஒரு சிரிப்பு

மணிப்பூரின் தலைநகர் இம்பாலில் 'இமா கெய்தெல்' என்றொரு சந்தை. 'இமா' என்றால் அம்மா, 'கெய்தெல்' என்றால் சந்தை. விற்பவர்கள் அத்தனை பேரும் பெண்கள்தான்! 1939-ல், அரிசியை வெளியூருக்கு ஏற்றிப் போவதை எதிர்த்துப் பெண்கள் திரண்டு போராடிய ஊர் இது.

அப்பேர்ப்பட்ட ஊரில் பாஷை தெரியாமல் நின்றேன். இடுப்பில் குழந்தை, பசியில் ஒரே அழுகை. காய் விற்ற ஒரு பாட்டியைப் பார்த்துச் சிரித்தேன். அவ்வளவுதான்! பொக்கை வாயால் சிரித்து, 'உட்கார்' என்று ஜாடை காட்டினார். குழந்தை பால் குடித்து முடிக்கும்வரை தன் மேல்துணியை விரித்து மறைத்துப் பிடித்தார். வந்த வியாபாரத்தைக்கூட கவனிக்கவில்லை!

நம் தெருவுக்கும் புதுசாக ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்திருப்பாள். நாளைக்குக் கோலம் போடும்போது அவளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரியுங்களேன்!