அளத்து உப்பும் தொட்டிக் கடலும்

உப்பை விலைகொடுத்து வாங்கி, அதைக்கொண்டு வீட்டினுள் கடல் செய்வார் உளரோ என்று கேட்டால், கடற்கரைப் பங்குகளில் வாழும் நம் மக்கள் நகைப்பர். ஆனால் உளர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கண்ணாடித் தொட்டிகளில் உயிருள்ள பவளங்களை வளர்ப்போர் பலர். அவர்களுக்கென்றே உப்புக் கலவைகள் வாளி வாளியாக விற்கப்படுகின்றன. எந்த வாளியை வாங்குவது என்னும் வினா அவர்களிடையே ஓயாத வழக்கு. இவ்வழக்கு நம் காதில் விழ நேர்ந்த வகையைச் சுருங்கச் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகள் ஜெர்மனியின் பவேரிய மாநிலத்தில், கடலுக்கு நெடுந்தொலைவில் உள்ள சிற்றூர்ப் பங்கொன்றில் நாம் பணிபுரிந்தோம். அங்கே தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்து குடியேறிய பொறியாளர் ஒருவர் இருந்தார். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவரும் அவர் துணைவியாரும் நம்மை வீட்டுக்கு அழைத்துச் சென்று சோறும் மீன்குழம்பும் படைப்பர். அவர்கள் வீட்டுக் கூடத்தில் 300 லிட்டர் கொள்ளும் தொட்டி ஒன்று இருந்தது. அதில் மான்கொம்பு போலக் கிளைக்கும் பவளங்கள் பதினான்கு. கடலிலிருந்து பெயர்த்தவை அல்ல. செம்பருத்தியில் கொப்பு ஒடித்து நடுவதைப் போல, பிற வளர்ப்பாளர் தம் தொட்டிகளில் வளர்ந்தவற்றிலிருந்து ஒடித்துக் கொடுத்தவை. இரவுப் பணி முடித்து வரும் நாள்களில் விடியுமட்டும் அத்தொட்டியின் முன் அமர்ந்திருப்பது அவர் வழக்கம். ஊரை விட்டு வந்தபின் அவருக்குக் கடல் என்று வாய்த்தது அது ஒன்றே.

2018ஆம் ஆண்டில் அப்பவளங்களில் பதினொன்று ஒரே மாதத்தில் மடிந்தன. நுனிகள் முதலில் வெளுத்தன. பிறகு தோல் உரிவது போலச் சதை கழன்று வெள்ளெலும்பு தெரிந்தது. தொட்டியை விற்றுவிடலாம் என்றார் துணைவியார். அவர் சொல்லிலும் நியாயம் இருந்தது. 20 கிலோ உப்பு வாளி ஒன்றுக்கு அன்று நம் பணத்தில் ஆறேழாயிரம் ரூபாய் ஆயிற்று. மின்கட்டணம் வேறு. பொறியாளர் விடையொன்றும் சொல்லாமல் இருந்தார்.

அந்நாள்களில் அவருடைய தாயார் ஊரிலிருந்து வந்து மூன்று மாதம் தங்கினார். முப்பது ஆண்டுகள் உப்பளத்தில் உழைத்தவர். மகன் வாங்கி வைத்திருந்த வாளியைத் திறந்து பார்த்து, அதன் விலையையும் கேட்டறிந்து, நம்மிடம் முறையிட்டார்: “ஏன் சாமி, நம்ம அளத்துல இருந்து ஒரு மூடை கொண்டாந்திருந்தா இந்தக் காசு மிச்சமாகியிருக்காதா? அதுவும் கடலு, இதுவும் கடலுதானே?”

எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வி அன்று இது. உப்பின் தெரிவைப் பற்றிய முழு வழக்கும் இக்கேள்விக்குள் அடங்கிக் கிடக்கிறது என்பது நம் கருத்து. இதற்கு விடை சொல்ல, அம்மூதாட்டியே நன்கறிந்த அளத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது.

ஒரு கிலோ கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் கரைந்த உப்புகள் உள்ளன. அவற்றுள் குளோரைடு 19 கிராமுக்குச் சற்று மேல், சோடியம் 11 கிராமுக்குச் சற்றுக் குறைவு. இவ்விரண்டும் சேர்ந்ததே நாம் உண்ணும் உப்பு. எஞ்சிய ஐந்து கிராமில் சல்பேட்டு 2.7, மக்னீசியம் 1.3, கால்சியம் 0.4, பொட்டாசியம் 0.4, மற்றும் சிற்றளவில் கார்பனேட்டு வகைகளும் பிறவும். அளத்தில் நடப்பது என்ன? தெப்பத்தில் தேக்கிய நீர் வெயிலில் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி ஏறுகிறது. பாமே அளவில் மூன்று டிகிரி இருக்கும் கடல்நீர் இருபத்தைந்தை நெருங்குவதற்குள், சுண்ணாம்பும் பிறகு ஜிப்சமும் படிந்துவிடுகின்றன. கால்சியத்தின் பெரும்பகுதி இவ்வாறு அடியில் தங்கிப் பின்னர் சிமெண்டு ஆலைக்குப் போகிறது. இருபத்தைந்துக்கு மேல்தான் பாத்தியில் உப்பு மணி கட்டுகிறது. முப்பதை எட்டுமுன் உப்பை வாரிவிட்டு, மிஞ்சிய நீரை வெளியேற்றிவிட வேண்டும். இன்றேல் உப்பு கசந்துபோகும். அந்த மிச்ச நீர் ஓடும் வழிக்கு நஞ்சோடை என்று பெயர். மக்னீசியமும் பொட்டாசியமும் மிகுதியாக இருப்பது அதில்தான். “கால்ல புண்ணு இருந்தா அதுல இறங்க முடியாது சாமி, உயிரு போயிரும்” என்றார் அம்மூதாட்டி.

ஆகவே அளத்தின் தொழில் கடலைப் பிரிப்பது. உணவுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, வேண்டாததை முன்னும் பின்னுமாகக் கழித்துவிடுவது. நல்ல உப்பு என்று நாம் போற்றுவது அவ்வாறு கழித்ததன் சிறப்பையே. பவளத்துக்கோ கழிக்கப்பட்டவைதாம் உயிர்நாடி. அதன் எலும்புக்கூடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. கால்சியம் இன்றி அது வளராது. மக்னீசியம் குறைந்தாலோ, கால்சியமும் கார்பனேட்டும் நீரிலேயே தாமாகக் கூடிச் சுண்ணாம்பாய்ப் படிந்துவிடும்; பவளத்தின் வாய்க்கு எட்டாது. வாளியில் அடைத்து விற்கப்படும் கலவை, ஜிப்சமாய்ப் போனதையும் நஞ்சோடையில் போனதையும் மீண்டும் அளந்து உப்போடு சேர்ப்பதன்றி வேறில்லை. இதை விளக்கியபோது அம்மூதாட்டி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்போ நாங்க கழிச்சு விட்டதுக்குத்தான் இம்புட்டு வெலையா?” என்று கேட்டுச் சிரித்தார்.

(ஓர் இடைக்குறிப்பு. பழைய திருமுழுக்குச் சடங்கில் குழந்தையின் நாவில் சிறிது உப்பு வைப்பர். 1969இல் வெளிவந்த புதிய சடங்குமுறையில் அது இடம்பெறவில்லை. தம் நாவில் வைத்த உப்பும் அளத்து உப்பாகவே இருந்திருக்கும் என்று அத்தாயார் பெருமையோடு சொன்னார். நமக்கும் அதில் ஐயமில்லை.)

செயற்கைக் கடல்நீர் புதிதன்று. 1854இல் இங்கிலாந்தின் இயற்கை ஆய்வாளர் பிலிப் ஹென்றி காஸ் நான்கே உப்புகளைக் கொண்டு அதைச் செய்து பார்த்தார்: சாப்பாட்டு உப்பு, எப்சம் உப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு. கால்சியத்தை அவர் சேர்க்கவில்லை. கல் வளர்க்கும் பவளம் அத்தகைய நீரில் நெடுநாள் தழைப்பது அரிது. பின்னர், 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்த சேலஞ்சர் என்னும் கப்பல் கொணர்ந்த நீரில் 77 மாதிரிகளை வில்லியம் டிட்மார் பகுத்தாய்ந்து, 1884இல் முடிவை வெளியிட்டார். உவர்ப்பு ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் குறையும்; ஆனால் முதன்மையான உப்புகள் ஒன்றுக்கொன்று நிற்கும் விகிதம் திறந்த கடலில் எங்கும் ஏறக்குறைய ஒன்றே என்பது அதனால் உறுதிப்பட்டது. மன்னார் வளைகுடாவில் உள்ள விகிதமே பசிபிக்கிலும். இவ்வுண்மை இல்லையேல் உலகுக்கெல்லாம் ஒரே வாளியை விற்க இயலாது. 1964இல் அமெரிக்காவில் தோன்றிய இன்ஸ்டண்ட் ஓஷன் முதல் ஜெர்மானியரின் ட்ராபிக் மரின் வரை எல்லாக் கலவைகளும் இந்த விகிதத்தின் மேல் நிற்பவையே.

அவ்வாறாயின் எதை வாங்கினாலும் ஒன்றுதானே? அன்று. வாளிகள் வேறுபடுவது மூன்று எண்களில்: கால்சியம், மக்னீசியம், காரத்தன்மை. இயற்கைக் கடலில் லிட்டருக்குக் கால்சியம் 410 மில்லிகிராம் அளவிலும் மக்னீசியம் 1300 அளவிலும் நிற்கும். காரத்தன்மையை வளர்ப்பாளர் ஜெர்மானிய முறையில் கே.எச். என்னும் அளவால் குறிப்பர். கடலில் அது ஏறக்குறைய 7. சில கலவைகள் இக்கடல் அளவையொட்டி ஆக்கப்படுகின்றன. சில வேண்டுமென்றே மிகுத்து ஆக்கப்படுகின்றன. ரெட் சீ என்னும் நிறுவனமே இரு வகையும் விற்கிறது: ஒன்றின் காரத்தன்மை 8 அளவில், மற்றொன்று 12 அளவில். பவளங்கள் நெருங்கிச் செழித்து, நாள்தோறும் சுண்ணாம்பை மிகுதியாக உண்ணும் தொட்டிக்கு மிகுத்த கலவை பயன்படும். பவளம் குறைந்த தொட்டிக்கு அது மேல்மிச்சம். விலை கூடியதே உயர்ந்தது என்று வாங்குவோர் இங்கேதான் இடறுகின்றனர்.

நம் பொறியாளருக்கு நேர்ந்ததும் இதுவே. அவர் தொட்டி நீண்ட காலமாக 8இல் அமைதியாக நின்றது. பவளம் இன்னும் விரைந்து வளரட்டும் என்று 12 அளவுள்ள கலவையை வாங்கினார். விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பியவர், பல வாரம் விட்டுப்போன நீர்மாற்றத்தை ஈடுசெய்ய எண்ணி ஒரே நாளில் பாதித் தொட்டியை மாற்றினார். கணக்கு எளிது: பாதி 8, பாதி 12; தொட்டி ஒரு மாலைப்பொழுதில் 10 ஆயிற்று. அடுத்த வாரமும் அவ்வாறே செய்தார், 11 ஆயிற்று. நீரில் சத்து மிகக் குறைவாக இருக்கும் தொட்டிகளில் இத்தகைய திடீர் ஏற்றம் மான்கொம்புப் பவளத்தின் நுனியைச் சுட்டுவிடும் என்பது வளர்ப்பாளர் பட்டறிந்த உண்மை. வாரம் பத்தில் ஒரு பங்கு மட்டும் மாற்றியிருப்பின் முதல் வாரத்தில் 8 என்பது 8.4 மட்டுமே ஆகியிருக்கும். உப்பில் குற்றமில்லை. 12 என்ற எண்ணிலும் குற்றமில்லை. வேகத்தில் இருந்தது குற்றம்.

எஞ்சியவை மூன்று பவளங்கள். அவற்றுக்காக எந்த உப்பு? ஒரு மாலை முழுவதும் அவர் வீட்டில் இதுவே பேச்சு. மூன்று பவளங்கள் உண்ணும் சுண்ணாம்பு மிகச் சொற்பம். ஆகவே கடல் அளவையொட்டிய கலவையே போதும் என்று முடிவாயிற்று. பின்னர்ப் பவளங்கள் பெருகினால், குறைவதைத் தனியே அளந்து ஊட்டலாம். அதற்காக வாளியை மாற்ற வேண்டியதில்லை. கையில் இருந்த உயர்ந்த கலவையையும் அவர் எறிந்துவிடவில்லை. ஏறிய எண்ணை மீண்டும் ஒரேயடியாக இறக்குவதும் தீங்கே ஆதலால், புதியதைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பழையதைக் குறைத்து, இரண்டு மாதங்களில் கடந்துவர எண்ணினார். முகப்பில் அச்சிட்ட எண்களை நம்புவதில்லை என்றும், ஒவ்வொரு புதிய வாளியிலும் சிறிது கரைத்துத் தாமே சோதித்தபின் தொட்டியில் சேர்ப்பதென்றும் உறுதிகொண்டார். ஒரே பெயரில் வரும் வாளிகளிலும் தொகுதிக்குத் தொகுதி வேறுபாடு உண்டு.

நீரைப் பற்றியும் ஒரு சொல். அவ்வூர்க் குழாய்நீர் மிகக் கடினமானது. கெட்டிலில் சில நாளிலேயே வெள்ளை ஏடு படியும். அந்நீரில் கரைத்தால் எந்த நல்ல கலவையும் தன் கணக்கை இழக்கும். சவ்வு வடிகட்டியில் தூய்மையாக்கிய நீரை எடுத்து, தனித் தொட்டியில் பம்பு கொண்டு சுழற்றியபடி, நீரில்தான் உப்பைச் சிறிது சிறிதாக இட வேண்டும். உப்பின் மேல் நீரை ஊற்றினால் சுண்ணாம்பு படிந்து வீணாகும். கலவையில் ஈரமும் சேர்ந்திருப்பதால் லிட்டருக்கு 38 கிராம் அளவு வேண்டியிருக்கிறது. அந்த வகையில் ஒரு 20 கிலோ வாளி 500 லிட்டருக்குச் சற்று மேல் கடல் தரும். வாரம் 30 லிட்டர் மாற்றினால் நான்கு மாதம் வரும். இக்கணக்கைக் கேட்டபின்பே துணைவியார் முகம் சற்றுத் தெளிந்தது.

முதல் நீர்மாற்றத்துக்குத் தாயாரும் உதவினார். ஒளிவிலகல் மானியில் மகன் உவர்ப்பைப் பார்ப்பதற்குள், அவர் விரலை நனைத்து நாவில் வைத்து, “கடத்தண்ணிதான், மூணு டிகிரி” என்றுவிட்டார். கருவியும் அவ்வாறே சொல்லிற்று. (காரத்தன்மை எட்டா பன்னிரண்டா என்பதை எந்த நாவும் சொல்லாது என்று மகன் விளையாட்டாகச் சீண்டினார்.) பிறகு அவர் தொட்டியருகே குனிந்து, எஞ்சிய பவளங்களை முதன்முறையாக உற்றுப் பார்த்தார்.

“இந்தப் பாறையத்தானே ஒங்க அப்பா வள்ளத்துல ஏத்திக் கொண்டாந்து சுண்ணாம்புச் சூளைக்குக் குடுத்தாரு” என்றார்.

மகன் நிமிர்ந்து பார்த்தார். அவர் அதை அறிந்திருக்கவில்லை. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள தீவுகளைச் சுற்றிய பவளப்பாறைகள் பல்லாண்டுகள் சுண்ணாம்புக்காக வெட்டப்பட்டன. 1986இல் அங்கே தேசியப் பூங்கா அமைந்தது. 2001இல் பவளங்கள் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதற்கு முன், பிழைப்புக்காக அவ்வேலை செய்தவர் எண்ணற்றோர், கூலி சொற்பம். “உயிரு இருக்குன்னு எங்களுக்கு யாரு சொன்னா? கல்லுன்னுதான் நெனச்சோம்” என்றார் தாயார். குரலில் வருத்தமும் இல்லை, தற்காப்பும் இல்லை. மகன் விளக்கை அணைத்துவிட்டு ஒரு கைவிளக்கைக் காட்டினார். இருட்டில் பவளத்தின் நுண்வாய்கள் பூப்போல விரிந்திருந்தன. தாயார் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்தவர் நேராக வாளியிடம் சென்று மூடியை இறுக முறுக்கினார். மழைமாதத்தில் கசப்பு நீங்காத உப்பு ஈரத்தை இழுத்துக் கசிவதை அவர் அம்பாரங்களில் கண்டவர்; அக்கசிவுக்குக் காரணமான மக்னீசியமே வாளியிலும் இருப்பது அவருக்கு இப்போது தெரியும். “காத்து பட்டா கட்டி தட்டிரும்டா. எடுக்கும்போதெல்லாம் உருட்டி விட்டு எடு, அடியில ஒண்ணு மேல ஒண்ணுன்னு பிரிஞ்சு நிக்கும்” என்றார். வளர்ப்பு நூல்களும் இவ்விரண்டையும் சொல்கின்றன.

2019ஆம் ஆண்டுக் கோடையில் நாம் விடைபெற்றுத் திரும்பியபோது, மூன்று பவளங்களில் ஒன்று கட்டைவிரல் நீளத்துக்குப் புதுக்கிளை விட்டிருந்தது. பொறியாளர் அதன் கொப்பொன்றை ஒடித்து, வேறொரு கல்லில் பசையிட்டு ஒட்டி, தொட்டியின் ஓரத்தில் வைத்திருந்தார்.