தொட்டறியும் பழமை

தேயிலை மலையிற் பிறந்த எமக்கு யந்திரம் புதிதன்று. 1925இல் எழுந்த ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலை 2001இல் நூதனசாலையாயிற்று. ஆங்குப் பழைய யந்திரங்களைக் காணலாம். அவற்றை இயக்கிய எந்தையர்தம் கைப்பக்குவத்தைக் காணுதல் எங்ஙனம்?

இங்கிலாந்திலே, கேம்பிறிட்ஜ் நகரத்துக் கணினி வரலாற்று நிலையத்தில், பழங்கணினிகளையும் விளையாட்டுப் பொறிகளையும் வருவோர் தாமே இயக்கிப் பார்க்கின்றனர். 1982இல் வெளிவந்த ஸ்பெக்ட்ரம் என்னும் வீட்டுக் கணினியில் ஒரு விளையாட்டை ஒலிநாடாவிலிருந்து ஏற்றுதற்குச் சில நிமிடம் காத்திருத்தல் வேண்டும். அக்காத்திருப்பைக் கண்ணாடிப் பேழை கற்பிக்குமோ?

ஆதலின் அன்பர்காள், நம் கல்லூரியும் ஹற்றன், நுவரெலியாப் பாடசாலைகளும் கழிக்கும் கணினிகளைப் பழைய இரும்புக்கு விற்றொழியாது, ஒன்றையேனும் செப்பனிட்டு மாணவர் கையிற் கொடுப்பனவாக. தந்தையர் கைத்திறன் பதிவின்றிப் போயிற்று. இதுவும் அவ்வழிப் போகலாகாது.