வாப்பாவின் பாதை

எங்கள் கிண்ணியாவில் 'பாதை' என்றால் தெரு அல்ல. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கும் மிதவைக்குத்தான் அந்தப் பெயர். திருகோணமலைக்குப் போகப் பாதைக்குக் காத்துநின்றே வாப்பாவின் பாதி ஆயுள் போயிற்று. 2009 ஒக்டோபர் 20இல் சவூதி உதவியோடு கட்டிய பாலத்தைத் திறந்தார்கள். 396 மீற்றர். வாப்பா அதை நடந்தே கடந்து, நடந்தே திரும்பி வந்தார்.

பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்தபின் அவர் வாசலைத் தாண்டவில்லை. "பாக்கிற சனம் பாவம் எண்டு சொல்லும். அது எனக்கு ஏலா" என்பார். போன மாதம் ஒருநாள் அஸருக்குப் பின் தானாகவே கேட்டார்: "மகன், பாலத்தடிக்குப் போவமா?"

சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன். பாலத்தை அடைந்தபின்தான் கண்டேன், நாங்கள் நின்ற இடத்தில் நடைபாதை விளிம்பு ஒரு சாண் உயரம். எத்தனை நூறு தடவை அதில் ஏறியிருப்பேன்! என் காலுக்கு அது தெரிந்திருக்கவேயில்லை. வாகனங்களுக்கு நடுவே தள்ளவும் பயம். வழியால் வந்த இரண்டு பொடியன்மார் நாற்காலியோடு தூக்கி வைத்தார்கள். நல்ல பிள்ளைகள். வாப்பா மட்டும் முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மேலே நல்ல காற்று. ஒருபுறம் தம்பலகாமக் குடா, மறுபுறம் மகாவலி வந்து கலக்கும் கொட்டியாரக் குடா. வெகுநேரம் பேசாமலிருந்தவர் பழைய துறைப் பக்கம் கையைக் காட்டினார்.

"பாதையில ஏறுற எடத்துல சாய்வாப் பலக கிடக்கும். லொறி ஏறும், மாட்டு வண்டி ஏறும். இந்தக் கதிரையும் ஏறியிருக்கும்."

பாதையை நான் புகழவில்லை. 2021 நவம்பர் 23 காலையில் குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் மௌத்தானதை ஊர் மறக்காது. ஆனாலும் வாப்பா சொன்ன அந்தப் பலகை மனதை விட்டுப் போகவில்லை.

இரவு தேடிப் படித்தேன். மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகு வசதி விதிகள் 2006 ஒக்டோபரிலேயே வர்த்தமானியில் வந்துவிட்டன. 1992இல் காரின் மேல் மரம் விழுந்து நடக்கவியலாமற்போன கலாநிதி அஜித் பெரேரா, முன்பு கிரிக்கெட் நடுவராக இருந்தவர், உயர் நீதிமன்றம் வரை போனார். புதிய பொதுக் கட்டடங்கள் அவ்விதிகளின்படி அமைய வேண்டுமென்று 2009 ஏப்ரல் 27இல் நீதிமன்றம் கட்டளையிட்டது. பாலம் திறக்க ஆறு மாதம் முந்தி. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடிச் சரிவு என்பது பொதுவான கணக்கு. ஒரு சாணுக்கு ஒன்பதடி போதும்.

மறுநாள் அஸர் தொழுதுவிட்டு வந்தேன். வாப்பா சாரம் மாற்றி, தொப்பி போட்டு, நாற்காலியில் ஆயத்தமாக இருந்தார். மடியில் பழைய கதவுப் பலகைத் துண்டொன்று. மூன்றடிகூட இராது.

"ஆரும் தூக்கத் தேவல்ல. நீ பின்னால நிண்டு உந்து."