மிதக்கும் மேடை

நீர் ஸ்கூட்டர் ஒன்றை எங்கே நிறுத்துவது என்னும் கேள்வி எங்கள் வீட்டில் இரண்டு வார மௌனத்தைக் கொணர்ந்தது. ஜார்ஜியாவின் லேனியர் ஏரி, அணையால் உருவான நீர்த்தேக்கம். கரை அரசுக்குச் சொந்தம். படகுத்துறையில் எதைச் சேர்க்கவும் ராணுவப் பொறியாளர் படையின் அனுமதி வேண்டும். எங்களில் ஒருவர், தரையில் தூண் ஊன்றி வண்டியை உயரத் தூக்கும் மின்தூக்கியே உறுதியானது என்றார். மற்றவர், உருளைகள் பதித்த பிளாஸ்டிக் மிதவையைக் கேட்டார், காரணம் சொல்லவில்லை.

பக்கத்துக் கரைப் பெரியவர்தான் தம் பழைய புகைப்படங்களை எடுத்துவந்தார். ஏரியின் முழு மட்டம் 1071 அடி. 2007 டிசம்பர் வறட்சியில் அது 1051 அடிக்கும் கீழே இறங்கிற்று. இருபது அடி! படங்களில் படகுத்துறைகள் செம்மண் சரிவில் சாய்ந்து கிடந்தன. விலகும் நீரைத் தொடர்ந்து தம் துறையை வாரந்தோறும் உள்ளே தள்ளிச் சென்றாராம் அவர். ஊன்றிய தூணை அவ்வாறு தள்ள இயலுமா?

தூணின் கட்சி தோற்றது. அன்றிரவுதான் மற்றவர் வாய் திறந்தார்: முழங்கால் அறுவைக்குப் பின், நீரில் ஆடும் வண்டியில் கால்வைக்கவே அச்சமாயிருக்கிறது, மிதவைமேல் அது அசையாது நிற்கும். முன்பே கூறியிருந்தால் ஏரியின் வரலாற்றைப் புரட்டியிருக்க வேண்டாம்.

முதல் நாள், கடைசி நொடியில் விசை கூட்டத் தயங்கியதால் வண்டி பாதி ஏறி நின்றுவிட்டது. ஒருவர் மேலிருந்து கயிற்றை இழுக்க, ஒருவர் நீரில் நின்று தள்ள, ஒருவழியாக ஏற்றினோம்.