தகரப் பெட்டியும் தவக்குலும்

இராணுவத்தில் பணிபுரிபவரின் வீட்டிற்கு ஓர் ஆபத்து வந்தால், அதனை முதலில் எதிர்கொள்பவர் அந்த வீரர் அல்லர், அவருடைய மனைவியே. இந்த எளிய உண்மையை நான் உணர்ந்துகொள்ள ஒரு வெள்ளம் வரவேண்டியிருந்தது.

என் தங்கையின் கணவர் இராணுவத்தில் ஹவில்தார். தங்கை தன் இரு பிள்ளைகளுடனும் முதிய மாமியாருடனும் பள்ளிபாளையத்தில், காவிரிக் கரையை ஒட்டிய தெருவொன்றில் வாடகைக்குக் குடியிருந்தாள். 2018ஆம் ஆண்டு ஜூலையில் மேட்டூர் அணை 120 அடியை எட்டியபோது நாங்கள் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தினோம். ஐந்தாண்டுகளாக நிரம்பாத அணை அல்லவா! ஆனால் ஆகஸ்டில் காவிரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் மழை கொட்டித் தீர்த்தது. அணையிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கன அடி நீர் திறந்துவிடப்பட்டது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில நாட்களே இருந்தன. தங்கை தொலைபேசியில் அழைத்தாள்.

"அண்ணே, ஆத்துல தண்ணி ஏறுதுன்னு மைக்குல சொல்லிக்கிட்டுப் போறாங்க. முக்கியமான சாமானை எடுத்துக்கிட்டு சேலத்துக்கு வந்துடட்டுமா?"

நான் அப்போது மத்ரஸாவில் பாடம் நடத்திக் கொண்டிருந்தேன். "அல்லாஹ் இருக்கான்மா. உன் தெரு வரைக்கும் தண்ணி வராது. தவக்குல் வை" என்று கூறித் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

அன்றிரவே தண்ணீர் வந்தது. பக்கத்து விசைத்தறிக் கூடத்து இளைஞர்கள் மாமியாரைத் தோளில் சுமந்து மேட்டுத் தெருவில் சேர்த்தார்கள். பிள்ளைகளைத் தங்கை இரு கைகளிலும் பற்றிக்கொண்டாள். அல்ஹம்துலில்லாஹ், உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டி அங்கேயே தங்கிவிட்டது.

வெள்ளம் வடிந்தபின் அதைத் திறந்தோம். நிக்காஹ் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்றுகள், வங்கிப் புத்தகம், கணவர் அனுப்பிய கடிதங்கள் யாவும் சேற்றில் ஊறிக் கிடந்தன. பதறிப்போய் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து வெயிலில் பரப்பினேன். தாள்கள் கிழிந்தன; முத்திரைகள் மங்கின. நனைந்த தாள்களை வலிந்து பிரிக்கலாகாது, நிழலில் காற்றாட வைத்து, இடையிடையே வெள்ளைத் தாளைச் செருகி, அதை மாற்றி மாற்றி ஈரத்தை உறிஞ்ச விடவேண்டும் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

அடுத்த சோதனை, மைத்துனருக்குச் செய்தி சொல்வது. அவர் எல்லைப்புறத்தில், கைப்பேசி எட்டாத இடத்தில் இருந்தார். ஒரு தந்தி கொடுத்தால் போதும் என்ற காலம் 2013ஆம் ஆண்டு ஜூலையோடு முடிந்துவிட்டது. அவருடைய படை எண் என்ன, எந்தப் பிரிவு என்று கேட்டேன். தங்கை விழித்தாள். அவையெல்லாம் கடித உறைகளின் மேல் இருந்தன. உறைகளோ பெட்டிக்குள் கூழாகிவிட்டன.

நாமக்கல்லில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திற்குச் சென்றேன். பெயரில் 'முன்னாள்' என்றிருந்தாலும், இப்போது பணியில் இருப்போரின் குடும்பங்களுக்கும் அது உதவுகிறது. அங்கு வந்திருந்த முதிய ஓய்வுபெற்ற வீரர் ஒருவர் என் கதையைக் கேட்டுவிட்டு, "பாய், ரெண்டாவது குழந்தை பேரு 'பார்ட் டூ' உத்தரவுல ஏறியிருக்கா?" என்று வினவினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அவர் பொறுமையாக விளக்கினார். திருமணம், குழந்தைப்பேறு ஆகியவற்றை வீரர் தம் பிரிவில் தெரிவித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அப்பதிவு இல்லாவிட்டால், நாளை அவருக்கு ஏதேனும் நேர்ந்தால், ஓய்வூதியத்திற்கும் பிற உதவிகளுக்கும் குடும்பம் அலைய நேரிடும். எங்கள் வீட்டில், அனுப்பவேண்டும் என்று எடுத்துவைத்த இரண்டாவது பிள்ளையின் பிறப்புச் சான்று, அனுப்பப்படாமலேயே அந்தப் பெட்டியில் கிடந்தது!

அவரே கார் நிக்கோபாரையும் நினைவூட்டினார். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. கடலோரத்தில் அமைந்திருந்த விமானப்படைத் தளத்தின் குடியிருப்புகளை ஆழிப்பேரலை அழித்தது. வீரர்களும் அவர்களுடைய குடும்பத்தினருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வீரரின் குடும்பத்திற்கு ஆபத்து போர்க்களத்திலிருந்து மட்டுமே வருவதில்லை.

அன்று பேருந்தில் திரும்புகையில் என் நெஞ்சு என்னைக் குத்தியது. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டலாமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டு, பிறகு பொறுப்புச் சாட்டு என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாகத் திர்மிதியில் வரும் செய்தியை எத்தனை ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன்! ஒட்டகத்தைக் கட்டப்போன என் தங்கையை நானல்லவா தடுத்தேன்! அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

நகராட்சிப் பதிவேட்டிலிருந்து புதிய பிறப்புச் சான்று கிடைத்தது. மைத்துனர் அதைத் தம் பிரிவில் கொடுத்துப் பதிவு செய்தார். வாரிசு நியமனங்களையும் சரிபார்த்தார். வங்கிக் கணக்கு இருவர் பெயருக்கும் மாற்றப்பட்டது. மூலச் சான்றுகள் இப்போது தண்ணீர் புகாத பையொன்றில், வாசலுக்கு அருகே உயரத்தில் தொங்குகின்றன. நகல்கள் சேலத்தில் என் வீட்டிலும், படங்களாகக் கைப்பேசியிலும் உள்ளன. ஒரே தாளில் படை எண், பிரிவின் முகவரி, வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்டின் ஆவண அலுவலக முகவரி, மாவட்ட அவசர எண் 1077, மாமியாரின் மருந்துகளின் பெயர்கள் ஆகியவற்றைத் தங்கை தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறாள். மூத்த பிள்ளைக்குப் படை எண் மனப்பாடம்.

2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் காவிரி மீண்டும் பெருகிப் பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் கரையோர வீடுகளுக்குள் புகுந்தது. இம்முறை தங்கை என்னிடம் யோசனை கேட்கவில்லை. அஸருக்கு முன்பே மாமியாரையும் பிள்ளைகளையும் உறவினர் வீட்டில் சேர்த்துவிட்டு அழைத்தாள்.

"அண்ணே, ஒட்டகத்தைக் கட்டிட்டேன். இனிமே நீங்க துஆ செய்யுங்க."

சகோதர சகோதரிகளே! உங்கள் மஹல்லாவிலும் இத்தகைய வீடு ஒன்று இருக்கக்கூடும். வீட்டுத் தலைவர் தொலைதூரத்தில் நிற்கிறார். அந்தச் சகோதரியிடம் உங்கள் வீட்டுப் பெண்கள் இன்றே ஒருமுறை சென்று, சான்றுகள் எங்கே உள்ளன, ஆபத்து வந்தால் யாரை அழைப்பாய் என்று கேட்டு வரட்டும். இதற்கென ஒரு பொறுப்பாளரை ஜமாஅத் நியமித்தால் இன்னும் நன்று. மழை வருமுன் செய்யவேண்டிய வேலை இது.