சல்லடையும் கிணறும்

இன்று கொஞ்சம் கம்ப்யூட்டர் விஷயம். பொறுமையாகப் படியுங்கள், உங்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது.

ரிட்டயர் ஆன பிறகு பொழுதுபோக்காக லினக்ஸ் கற்றுக்கொண்டேன். வாடகைக்கு ஒரு சர்வர் எடுத்து, சொந்தமாக இமெயில் வைத்திருக்கிறேன். மெயில் சர்வர் என்பது ஒரு குட்டித் தபாலாபீஸ்தான். வெளியூர்த் தபாலை வாங்குவது போஸ்ட்ஃபிக்ஸ். வந்ததைப் பிரித்துப் பெட்டியில் போடுவதற்குத் தனியாக இன்னொரு மென்பொருள் வேண்டும்.

அதற்கு ப்ராக்மெயிலை வைத்தேன். 1990-இல் எழுதப்பட்ட பழைய ஆள். ஒவ்வொரு விதியிலும் நிபந்தனை ஒரு வரி, செய்ய வேண்டியது ஒரு வரி. நிபந்தனை வரி இல்லாவிட்டால் அந்த விதி எல்லாத் தபாலுக்கும் பொருந்திவிடும்.

லாட்டரி மெயில் தொல்லை தாங்காமல், அவற்றை 'டெவ் நல்'லுக்கு அனுப்பச் சொல்லி ஒரு விதி எழுதினேன். டெவ் நல் என்பது லினக்ஸில் அடியில்லாத கிணறு, விழுந்தது திரும்பாது. விதியைத் திருத்தும்போது நிபந்தனை வரியை அழித்துவிட்டேன், கவனிக்கவில்லை. இரண்டு நாள் வந்த அத்தனை மெயிலும் கிணற்றில். நானோ, தொல்லை ஒழிந்தது என்று சந்தோஷமாக இருந்தேன்.

சில மாதம் கழித்து ஒரு கல்யாணத்தில் பழைய மாணவி ஒருத்தியைப் பார்த்தேன். "டீச்சர் வேலை கிடைச்சதும் முதல்ல உங்களுக்குத்தான் சார் மெயில் போட்டேன். ஆசீர்வாதம் பண்ணுங்கன்னு எழுதியிருந்தேன். பதிலே வரல. பரவாயில்லை சார்" என்றாள். தேதி கேட்டேன். அந்த இரண்டு நாளில் ஒன்று. அவள் சொன்ன அந்த "பரவாயில்லை" இன்னும் உறுத்துகிறது.

வீட்டுக்கு வந்ததும் ப்ராக்மெயிலை எடுத்துவிட்டு, டவ்காட்டுடன் வேலை செய்யும் சிவ் மொழிக்கு மாறினேன். ஆங்கிலத்தில் அதற்குச் சல்லடை என்றே பொருள். எந்த விதியும் பொருந்தாவிட்டாலும், ஓடும்போது விதியில் பிழை வந்தாலும், அது மெயிலை இன்பாக்ஸில்தான் சேர்க்கும். தூக்கிப் போடும் கட்டளை அதிலும் உண்டு, நான் எழுதுவதில்லை.

இன்னொரு வசதி. தலைப்பில் நாம் எழுதும் தமிழ், வழியில் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த சங்கேதமாகத்தான் பயணம் செய்யும். ப்ராக்மெயில் அந்தச் சங்கேதத்தையே பார்க்கும், 'ஐயா' என்று தேடினால் கிடைக்காது. சிவ் அதைத் தமிழாக்கிப் பார்க்கும்.

குப்பையை அடையாளம் காட்ட ஸ்பேம்அசாசின் இருக்கிறது. ஒவ்வொரு மெயிலுக்கும் மார்க் போடும். நாம் மாற்றாவிட்டால் 5 மார்க் எடுத்தாலே ஸ்பேம். இங்கே மார்க் கூடினால்தான் ஃபெயில்! அது அழிக்காது, முத்திரை மட்டும் குத்தும். முத்திரை விழுந்ததை சிவ் தனிப் பெட்டியில் போடும். வாரம் ஒருமுறை நானே பார்க்கிறேன்.

எத்தனையோ வருஷம் பேப்பர் திருத்தியவன் நான். கையெழுத்து புரியாத விடைத்தாளைத் தனியே எடுத்து வைத்து மறுபடி பார்ப்பேனே தவிர, ஒருநாளும் கிழித்துப் போட்டதில்லை. அந்தப் புத்தி மெயில் விஷயத்தில் வரவில்லை.

உங்களில் பலர் சர்வர் வைத்திருக்க மாட்டீர்கள். ஜிமெயிலிலும் ஸ்பேம் பெட்டி உண்டு, 30 நாளில் தானாக அழிந்துவிடும். இன்று ஒருமுறை திறந்து பாருங்கள். யாராவது உங்கள் பதிலுக்குக் காத்திருக்கலாம்.